போன தடவை என்ன நடந்தது? மனிதர்களைக் கேட்டுப் புரிந்துகொள்ள ஒரு பயனர் ஆய்வாளரின் முழுமையான வழிகாட்டி

கும்பகோணத்தில் ஒரு மளிகைக் கடை. கல்லாவுக்குப் பக்கத்தில் அட்டை கிழிந்த நீள நோட்டு, அதில் நூல் கட்டித் தொங்கவிட்ட பேனா. சின்னக் கடைகள் கடன் கணக்கு எழுதுவதற்காக எங்கள் டீம் செய்திருந்த ஆப்பை அண்ணாச்சியிடம் காட்டிக்கொண்டிருந்தேன். போனை வாங்கிப் பார்த்தார். "நல்லா இருக்கும்மா. ரொம்ப உபயோகமா இருக்கும்" என்றார்.

அந்த நேரத்தில் ஓர் அம்மா வந்து அரைக் கிலோ துவரம் பருப்பும் ஒரு பாக்கெட் உப்பும் வாங்கினார். "கணக்குல எழுதிக்கோங்க." அண்ணாச்சி என் போனைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நோட்டை எடுத்தார். ‘பச்ச கேட்’ என்று தலைப்பிட்ட பக்கத்தைப் புரட்டி, தேதி போட்டு, தொகையை எழுதினார். பதினோரு வருஷமாக அந்த அம்மா அங்கே வாங்குகிறாராம். பெயர் என்னவென்று கேட்டேன். அண்ணாச்சிக்குத் தெரியவில்லை. எங்கள் ஆப்போ, பெயரும் மொபைல் நம்பரும் போடாமல் முதல் பக்கத்தையே தாண்ட விடாது.

அவர் வாயால் சொன்னதும் உண்மை, கையால் செய்ததும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை அளப்பதுதான் பயனர் ஆய்வு. எண்ணிக்கையை வைத்து அளக்கும் சர்வேயால் அந்த இடத்துக்குப் போக முடியாது. உட்கார்ந்து கேட்டும் பார்த்தும்தான் போக முடியும். இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள், ஆய்வாளர் இல்லாத சின்ன டீமில் தாங்களே இதைச் செய்ய வேண்டியிருப்பவர்கள், தொண்டு நிறுவனங்களில் களப்பணி செய்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். அந்தக் கடன் நோட்டு ஆய்வையே கடைசி வரை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

1. எந்த முடிவுக்காக ஆய்வு என்று முதலில் கேளுங்கள்

"கடைக்காரர்களைப் புரிந்துகொள்ளணும்" என்று சொல்லித்தான் பெரும்பாலும் வேலையைக் கொடுப்பார்கள். அதை அப்படியே வாங்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். புரிந்துகொண்ட பிறகு என்ன செய்யப் போகிறோம் என்று கேளுங்கள். எங்கள் விஷயத்தில் அரை மணி நேரம் பேசிய பிறகுதான் உண்மையான கேள்வி வந்தது. ஆப்பை இறக்கியவர்களில் பலர் இரண்டாவது வாரத்தில் நோட்டுக்கே திரும்பிப் போயிருந்தார்கள். பாக்கி வைத்திருப்பவர்களுக்குத் தானாக எஸ்எம்எஸ் அனுப்பும் வசதியைக் கொடுத்தால் ஆப்பிலேயே இருப்பார்களா? அதைக் கட்டுவதா வேண்டாமா? இதுதான் எடுக்க வேண்டிய முடிவு.

முடிவு தெரிந்தால் ஆய்வுக் கேள்வியை எழுதலாம். டீமின் கேள்வியும் ஆய்வுக் கேள்வியும் ஒன்றல்ல. டீம் கேட்டது: எஸ்எம்எஸ் வசதி பிடிக்குமா? நாங்கள் எழுதிய ஆய்வுக் கேள்வி: கொடுத்த கடன் திரும்பி வருவது இன்றைக்கு எப்படி நடக்கிறது, அதில் யார் யாரிடம் என்ன செய்கிறார்கள்? இரண்டாவது கேள்வியில் ஆப் என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். நாம் கட்டுகிற பொருள் இல்லாமலேயே அவர்கள் வாழ்க்கை ஓடிக்கொண்டிருக்கிறது. முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் இந்தக் கட்டத்திலேயே செய்துவிடுங்கள். டீமில் ஒவ்வொருவரும் என்ன பதில் வரும் என்று நினைக்கிறார்களோ அதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு கண்டுபிடிப்பைச் சொல்லும்போது "இது எங்களுக்கு முன்னாடியே தெரியுமே" என்ற பேச்சு எழாது. அதைவிட முக்கியமாக, உங்கள் சொந்த அனுமானங்கள் என்னென்ன என்று உங்களுக்கே தெரியும்.

2. யாரைப் பார்ப்பது, எத்தனை பேரை?

"ஐந்து பேர் போதும்" என்று எல்லா ஆபீஸிலும் சொல்வார்கள். அது ஜேகப் நீல்சன், தாமஸ் லாண்டவர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1993ல் செய்த கணக்கிலிருந்து வந்தது. ஒரு திரையைக் கையில் கொடுத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்க்கும் சோதனைக்கான எண் அது. மனிதர்களின் பழக்கத்தைப் புரிந்துகொள்ளும் நேர்காணலுக்கு அதைப் பொருத்துவது தவறு. நேர்காணலுக்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது 2006ல் வந்த இன்னோர் ஆய்வு. கானாவிலும் நைஜீரியாவிலும் 60 பெண்களிடம் எடுத்த நேர்காணல்களைக் கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் ஆகிய மூவரும் ஒவ்வொன்றாக அலசினார்கள். முதல் 12 நேர்காணல்களுக்குள்ளேயே பெரும்பாலான கருத்துகள் வந்துவிட்டன. ஆனால் அந்தப் பெண்கள் ஓரளவு ஒரே மாதிரிச் சூழலில் இருந்தவர்கள். உங்கள் ஆட்கள் பல விதமாக இருந்தால் ஒவ்வொரு விதத்துக்கும் தனியாக எண்ண வேண்டும்.

எங்கள் ஆய்வில் 14 கடைகள். எண்ணிக்கையைவிட, யார் யார் என்பதில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். ஆப்பைப் பயன்படுத்துபவர்கள், தொடவே தொடாதவர்கள், பயன்படுத்திவிட்டு விட்டவர்கள் என்று மூன்று வகை. இதில் விட்டவர்கள்தான் பொன். அவர்களிடம் இரண்டு உலகத்தின் அனுபவமும் இருக்கும். தெருவுக்குள் இருக்கும் கடை, பஸ் ஸ்டாண்டை ஒட்டிய கடை, கிராமத்துக் கடை என்று இடத்தையும் மாற்றிப் போட்டோம்.

போனில் கூப்பிட்டு ஆள் பிடிப்பதில் ஒரு பள்ளம் இருக்கிறது. நான் அதில் விழுந்தேன். முதல் சுற்றில் எங்களோடு பேச ஒத்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் கடைக்காரரின் மகன்கள். போன் அவர்கள் கையில் இருந்தது, ஆப்பை இறக்கியதும் அவர்கள்தான். மூன்றாவது கடையில் மதியம் இரண்டு மணி வரை தங்க நேர்ந்தது. அப்பா சாப்பிடப் போனார், அவர் மனைவி கல்லாவில் வந்து உட்கார்ந்தார். நோட்டில் பாதிக் கையெழுத்து அவருடையது என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆப் போனில் இருந்தது, போன் மகனோடு காலேஜுக்குப் போயிருந்தது. மதியக் கடன் எல்லாம் நோட்டில்தான் ஏறும் என்றால், ஆப் கணக்கு எப்படிச் சரியாக வரும்? அந்த ஒரு மணி நேரம் கூடுதலாக நின்றிருக்காவிட்டால் இது தெரிந்தே இருக்காது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கடைக்கும் காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை என்று போனோம்.

சொந்தக்காரர், நண்பரின் மாமா என்று போகாதீர்கள். நம் மனம் நோகாமல் பேசுவார்கள். நேரத்துக்கு ஒரு தொகை கொடுங்கள், பேசுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பாதியில் நிறுத்தினாலும் அது அவர்களுக்கு உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

3. கேள்விகளை எழுதுவது

1930களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் லாப்பியர் என்ற சமூகவியலாளர் ஒரு சீனத் தம்பதியோடு காரில் அமெரிக்காவைச் சுற்றினார். சீனர்கள் மீது வெறுப்பு நிலவிய காலம். 251 ஹோட்டல்கள், உணவகங்களில் ஒரே ஓர் இடத்தில்தான் அவர்களை ஏற்க மறுத்தார்கள். பிறகு அதே இடங்களுக்கு "சீனர்களை ஏற்றுக்கொள்வீர்களா?" என்று கடிதம் எழுதிக் கேட்டார். பதில் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் மாட்டோம் என்றார்கள். வரவேற்றவரும் பதில் எழுதியவரும் வேறு வேறு ஆட்களாக இருந்திருக்கலாம் என்ற குறை இந்த ஆய்வுக்கு உண்டு. இருந்தாலும் 1934ல் வெளிவந்த அந்தக் கட்டுரையை நான் புதிதாக வரும் எல்லோருக்கும் சொல்வேன். எதிரில் ஆளே இல்லாமல் கற்பனையில் பதில் சொல்வது ஒன்று, எதிரில் ஒருவர் வந்து நிற்கும்போது நடந்துகொள்வது வேறொன்று.

ஆகவே, "இப்படி ஒரு வசதி இருந்தால் பயன்படுத்துவீர்களா?" என்ற கேள்வியை அடித்துவிடுங்கள். நம் ஊரில் கடை தேடி வந்து, கொடுத்த டீயையும் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் "வேண்டாம்மா" என்று யார் சொல்வார்கள்? அது மரியாதைக்குச் சொல்லும் பதில். அதைத் தேவை என்று எழுதிக்கொண்டு போவது அவர்களுடைய மரியாதைக்கு நாம் செய்யும் அநியாயம்.

அதற்குப் பதில் நடந்து முடிந்ததைக் கேளுங்கள். "கடைசியா யார் கடன் சொல்லிட்டுப் போனாங்க? அப்ப என்ன செஞ்சீங்க?" "அதுக்கு முன்னாடி?" "அத எங்க எழுதினீங்க, கொஞ்சம் காட்டுங்களேன்." ஜான் ஃபிளானகன் என்ற உளவியலாளர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானிகளிடம் பொதுவான கருத்தைக் கேட்காமல், நடந்த சம்பவத்தைச் சொல்லச் சொல்லிச் சேகரித்தார். 1954ல் அதை ஒரு முறையாகவே எழுதி வைத்தார். நாம் செய்வதும் அதன் வழிதான்.

‘வழக்கமா’ என்ற சொல் வந்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். "வழக்கமா மாசம் ஒண்ணாந்தேதி கொடுத்துடுவாங்க" என்பார். அது எப்படி நடக்க வேண்டும் என்று அவர் விரும்புகிறாரோ அதன் வர்ணனை. உடனே, "இந்த மாசம் ஒண்ணாந்தேதி யார் யார் கொடுத்தாங்க?" என்று நோட்டைப் பார்த்துக் கேளுங்கள்.

‘ஏன்’ என்று கேட்பதை நான் கிட்டத்தட்ட விட்டே விட்டேன். இரண்டு காரணங்கள். தமிழில் "ஏன் இப்படி எழுதுறீங்க?" என்றால் குற்றம் சொல்வது போல் கேட்கும், எதிரில் இருப்பவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தொடங்கிவிடுவார். அடுத்தது, ஏன் என்பது பல நேரம் செய்தவருக்கே தெரியாது. 1977ல் ரிச்சர்ட் நிஸ்பெட், டிமத்தி வில்சன் என்ற உளவியலாளர்கள் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனை வரும். ஒரே மாதிரியான நான்கு ஜோடிக் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று கடைக்கு வந்தவர்களிடம் கேட்டார்கள். வலக்கோடியில் இருந்ததையே அதிகம் பேர் தேர்ந்தார்கள். காரணம் கேட்டபோது பின்னல், தரம் என்றெல்லாம் சொன்னார்களே தவிர, வைத்த இடத்தை ஒருவர்கூடச் சொல்லவில்லை. கேட்டால் காரணம் பிறந்துவிடும், அது உண்மைக் காரணமாக இருக்க வேண்டியதில்லை. "இந்தப் பழக்கம் எப்படி வந்துச்சு?", "அப்ப மனசுல என்ன ஓடுச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். கதை வரும். கதையிலிருந்து காரணத்தை நாம் தேடிக்கொள்ளலாம்.

கேள்வித்தாள் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஆறேழு பெரிய கேள்விகள், பேச்சு திசை மாறினால் திரும்பி வர ஒரு கயிறு. அவ்வளவுதான்.

4. கடைக்குள் நுழைவது, ஒப்புதல் வாங்குவது

கையில் நோட்டோடு கடைக்குள் போய்க் கணக்கைப் பற்றிக் கேட்கும் ஆளை யாராக நினைப்பார்கள்? வரி ஆபீஸ் ஆளாகத்தான். 2025 ஜூலையில் பெங்களூருவில் யூபிஐ வரவை வைத்துச் சிறு வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போனது. சிலர் க்யூஆர் அட்டையையே கழற்றிவிட்டுப் பணமாகக் கேட்கத் தொடங்கினார்கள். அந்தப் பயம் எல்லா ஊரிலும் இருக்கிறது, அதற்கு நியாயமும் இருக்கிறது. அதனால் நான் இப்படித் தொடங்குவேன்:

"அண்ணாச்சி, நான் இந்தக் கம்பெனியில வேலை பார்க்கிறேன். வரி ஆபீஸ் இல்ல, எதையும் விக்கவும் வரல. கடன் கணக்க நீங்க எப்படி வெச்சுக்கிறீங்கன்னு கத்துக்க வந்திருக்கேன். ஒரு மணி நேரம் ஆகும். ஆள் வந்தா நீங்க வியாபாரத்தப் பாருங்க, நான் ஓரமா நின்னுக்கிறேன். நீங்க சொல்றத ரெக்கார்டு பண்ணிக்கலாமா? வேண்டாம்னா கையால எழுதிக்கிறேன். பிடிக்காத கேள்விய விட்டுடலாம், எப்ப வேணும்னாலும் போதும்னு சொல்லிடலாம்."

இதைப் பேப்பரில் உள்ள சட்டத் தமிழில் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினால் ஒப்புதல் ஆகாது. 2023ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் சுதந்திரமாகவும் விஷயம் தெரிந்தும் கொடுக்கப்பட வேண்டும், பிறகு திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது. நான் சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. "வேண்டாம்" என்று சொல்ல முடிகிற ஆளிடமிருந்துதான் உண்மையான "சரி" வரும்.

எனக்கு இன்றுவரை மனதை உறுத்தும் ஒரு விஷயம் உண்டு. கடன் நோட்டு அண்ணாச்சியுடையது, ஆனால் அதில் இருக்கும் கடன்கள் தெருவில் உள்ளவர்களுடையவை. அவர்கள் யாரும் எனக்கு ஒப்புதல் கொடுக்கவில்லை. யார் வீட்டில் இந்த மாதம் கையில் காசில்லை என்பது அந்தப் பக்கங்களில் இருக்கிறது. அதனால் நோட்டைப் படமெடுக்கும்போது தலைப்புகளை வெள்ளைத் தாளால் மூடிவிட்டுத்தான் எடுப்பேன். வாடிக்கையாளர் வந்து நிற்கும்போது ரெக்கார்டரை நிறுத்திவிடுவேன். எழுத வேண்டிய விஷயம் என்றால் அவர் போன பிறகு, யார் என்று தெரியாத மாதிரி எழுதுவேன். ‘பச்ச கேட்’ என்று மேலே எழுதினேனே, அதுகூட மாற்றி எழுதிய அடையாளம்தான்.

5. உட்கார்ந்து கேட்பது

முடிந்தால் இருவராகப் போங்கள். ஒருவர் பேச, ஒருவர் எழுத. மூன்றாவது ஆள் வேண்டாம், அது விசாரணை போல ஆகிவிடும். பேசுபவர் எழுதக் குனிந்தால் எதிரில் இருப்பவரின் கையைப் பார்க்கத் தவறிவிடுவார்.

இடையூறுகளை வரவேற்கப் பழகுங்கள். ஆள் வருவார், லைனுக்கு வரும் சேல்ஸ்மேன் பிஸ்கட் பெட்டியை இறக்குவார், சவுண்ட் பாக்ஸ் "ரூபாய் அறுபது பெறப்பட்டது" என்று கத்தும். புதிதாக வருபவர்கள் இதெல்லாம் நேர்காணலைக் கெடுப்பதாக நினைத்து அமைதியான இடத்துக்குக் கூட்டிப் போகப் பார்ப்பார்கள். கடைக்காரரைக் கடையை விட்டு வெளியே கூட்டிப் போனால் அவர் நினைவிலிருந்து பேசுவார். கடையில் இருந்தால் நோட்டிலிருந்து பேசுவார்.

அப்புறம், மௌனம். நான் செய்த பெரிய தவறு இதில்தான். அதே அண்ணாச்சியிடம் பாக்கி வசூலைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். "பாக்கிய வாங்குறதுங்கிறது..." என்று இழுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "கஷ்டமா இருக்குமா அண்ணாச்சி?" என்றேன். "ஆமாம்மா, கஷ்டம்தான்" என்றார். இரவு ரெக்கார்டிங்கைக் கேட்டு எழுதும்போதுதான் தெரிந்தது, கஷ்டம் என்ற சொல் என்னுடையது. அவர் என்ன சொல்ல வந்தார் என்பதே அதில் இல்லை.

அடுத்த வாரம் மறுபடி போனேன். அதே இடத்துக்குப் பேச்சு வந்தது. மறுபடி இழுத்தார். நான் மனதுக்குள் ஏழு வரை எண்ணினேன். பருப்பு மூட்டையின் வாயைச் சுருட்டி விட்டார், கல்லாவை ஒரு தடவை திறந்து மூடினார். பிறகு சொன்னார்: "கேக்கக் கூடாதும்மா. அவங்களுக்கே தெரியணும்."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். சொல்லவில்லை, செய்து காட்டினார். பாக்கி வைத்திருப்பவர் வந்து அரிசி கேட்கிறார் என்று வையுங்கள். அண்ணாச்சி நோட்டை எடுத்து, நேரே கடைசிப் பதிவுக்குப் போகாமல், அந்த ஆளின் பக்கத்தை ஆரம்பத்திலிருந்து மெதுவாகப் புரட்டுவார். போன மாதம், அதற்கு முந்தைய மாதம், அடிக்காமல் கிடக்கும் தொகைகள். ஒரு சொல் பேச மாட்டார். புரட்டும் வேகத்திலேயே செய்தி போய்ச் சேர்ந்துவிடும். நாங்கள் கட்ட நினைத்த எஸ்எம்எஸ், அவர் இத்தனை வருஷம் வாயைத் திறந்து கேட்காமல் காப்பாற்றி வைத்திருந்த ஒன்றை ஒரே நொடியில் உடைத்திருக்கும்.

தமிழில் கேட்பவர்கள் கவனிக்க வேண்டிய சில இடங்கள் உண்டு. "பார்க்கலாம்" என்றால் பெரும்பாலும் இல்லை. "பரவாயில்ல" என்றால் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்திருக்கிறார், அது என்ன என்று தேடுங்கள். "ஏதோ ஓடுது" என்பது பேச்சின் முடிவல்ல, கதவு. "ஓடுதுன்னா, இந்த வாரம் எப்படி ஓடுச்சு?" என்று உள்ளே போகலாம். எல்லாவற்றையும்விட, "எழுதிடுவோம்", "கேட்டுடுவோம்" என்ற பேச்சு. அந்த ‘ஓம்’ விகுதிக்குள் ஒரு குடும்பமே ஒளிந்திருக்கும். யார் எழுதுவார்கள், யார் கேட்பார்கள் என்று ஒவ்வொரு முறையும் பிரித்துக் கேளுங்கள். சில கடைகளில் கடன் கொடுப்பது கணவர், திருப்பிக் கேட்பது மனைவி. வீட்டுக்காரர் முந்திக்கொண்டு பதில் சொன்னால் அவர் முகம் வாடாமல், "அக்கா, நீங்க உட்காரும்போது எப்படிச் செய்வீங்க?" என்று அந்தப் பக்கம் திரும்புங்கள்.

6. அன்று இரவே எழுதிவிடுங்கள்

ரெக்கார்டிங் இருக்கிறதே என்று விடாதீர்கள். நோட்டைப் புரட்டிய வேகம் ரெக்கார்டிங்கில் இருக்காது. ஒரு மணி நேர நேர்காணலுக்கு இரண்டு மணி நேர எழுத்து என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் இரண்டு கடைக்கு மேல் போகாதீர்கள். நான் தாளை மூன்றாகப் பிரிப்பேன்: அவர் சொன்னது, நான் பார்த்தது, எனக்குத் தோன்றியது. மூன்றும் கலந்துவிட்டால் ஒரு மாதம் கழித்து உங்கள் எண்ணமே அவர் சொன்னது போல் தெரியும்.

சொன்னதைச் சொன்ன தமிழிலேயே எழுதுங்கள். எங்கள் டீமில் ரிப்போர்ட் ஆங்கிலத்தில் போகும். "அவங்களுக்கே தெரியணும்" என்பதை அவசரத்தில் ‘கடன் வாங்கியவருக்கு நினைவூட்டல் தேவை’ என்ற பொருளில் மொழிபெயர்த்துவிட முடியும். அப்படிப் போயிருந்தால் எஸ்எம்எஸ் வசதிக்கு ஆதரவாக அது நின்றிருக்கும், சொன்னவரின் கருத்துக்கு நேர் எதிராக. அதனால் ரிப்போர்ட்டில் தமிழ் வரியை அப்படியே போட்டு, பொருளை அதன் கீழே விளக்குவேன்.

நகலும் எடுத்து வையுங்கள். மைசூர்ப் பக்கம் ராம்புரா என்று தான் பெயரிட்ட கிராமத்தில் 1948ல் தங்கி ஆய்வு செய்தவர் சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ். பல வருஷம் உழைத்துத் தொகுத்த குறிப்புகளின் பிரதிகள் 1970ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் யாரோ வைத்த தீயில் எரிந்துபோயின. நினைவை நம்பியே அந்தக் கிராமத்தைப் பற்றிய நூலை எழுதினார், 1976ல் அது வெளிவந்தது. ஒரே கட்டடத்தில் எத்தனை பிரதி இருந்தாலும் அது ஒரு பிரதிதான். ஆட்களின் பெயரும் நம்பரும் உள்ள பட்டியலை மட்டும் தனியாகப் பூட்டி வைத்து, வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

7. குவியலிலிருந்து பொருளை எடுப்பது

14 கடைகளிலிருந்து எங்களுக்கு ஏறக்குறைய 600 துண்டுக் குறிப்புகள் வந்தன. ஒரு தாளில் ஒரு செய்தி. அவற்றைச் சுவரில் ஒட்டினோம். இந்த முறையை உருவாக்கியவர் ஜிரோ கவாகிதா என்ற ஜப்பானிய மானிடவியலாளர். நேபாளத்தில் களப்பணி செய்து சேர்ந்த குறிப்புகளைக் கையாள அவர் வளர்த்தெடுத்த வழி. ஜப்பானிய முறைப்படி குடும்பப் பெயர் முன்னால் வர, அவர் பெயரின் முதல் எழுத்துகளால் கேஜே முறை என்று இதைச் சொல்வார்கள்.

முன்கூட்டியே பெட்டிகளை வரைந்து வைத்துக்கொண்டு அவற்றுக்குள் போடக் கூடாது. இந்தத் தாளும் அந்தத் தாளும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தோன்றினால் ஒட்டுங்கள். கூட்டம் சேர்ந்த பிறகு பெயர் வையுங்கள். அந்தப் பெயர் ஒற்றைச் சொல்லாக இருக்கக் கூடாது. ‘வசூல்’ என்று எழுதினால் அது ஒன்றும் சொல்லவில்லை. ‘கடனைக் கேட்கக் கூடாது, தெரியும்படி செய்ய வேண்டும்’ என்று எழுதினால் அது ஒரு கூற்று. கூற்று என்றால் தவறாகவும் இருக்கலாம், அதைச் சோதிக்க முடியும்.

சோதிக்க, பொருந்தாத தாளைத் தேடிப் போங்கள். எனக்கு அந்த வாக்கியம் ரொம்பவே பிடித்துவிட்டது, அதனாலேயே சந்தேகப்பட்டேன். பஸ் ஸ்டாண்ட் கடைக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தால், அங்கே கடைக்காரர் ஒரு டிரைவரிடம் எல்லோர் முன்னாலும், "நேத்து நாப்பது ரூவா தரணும்ல, குடுத்துட்டுப் போ" என்று கேட்டிருக்கிறார். டிரைவரும் சிரித்துக்கொண்டே கொடுத்திருக்கிறார். அப்படியானால் கேட்கக் கூடாது என்பது எல்லா இடத்துக்கும் உரிய விதி இல்லை. இரண்டு நாள் யோசித்தோம். தெருக் கடையில் கடன் வாங்குபவர் பக்கத்து வீடு. கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒன்றாக நிற்க வேண்டியவர்கள். கடன் தொகையும் ஒரு மாத வீட்டுச் செலவு. பஸ் ஸ்டாண்டில் அது டீக்காசு. கண்டுபிடிப்பைத் திருத்தினோம்: பக்கத்தில் வாழ்பவரிடம், வீட்டுச் செலவுக்கான கடனைக் கேட்பதில்லை. சின்னதாகிவிட்டது, ஆனால் இப்போது அதன் மேல் கால் ஊன்றலாம்.

8. டீமிடம் கொண்டு சேர்ப்பது

கண்டுபிடிப்பைக் கேட்கப் போகும் டீம்காரர்களை முடிந்தவரை களத்துக்கே கூட்டிப் போங்கள். நாற்பது பக்க ரிப்போர்ட் செய்யாததை ஒரு மதிய நேரம் செய்யும். ஆப்பில் எதைக் கட்டுவது என்று முடிவெடுக்கும் எங்கள் ப்ராடக்ட் மேனேஜர் ஒரு நாள் கடையில் நின்றார். ஒப்புதல் கேட்பதிலிருந்து எழுதுவது வரை எல்லா விதியும் அவருக்கும் உண்டு, பேசக் கூடாது என்பதையும் சேர்த்து.

எழுதும்போது சதவீதம் போடாதீர்கள். "தெருக்கடைகளில் ஒன்பதில் எட்டில் பார்த்தோம்" என்று எழுதுங்கள். அதை 89 சதவீதம் என்று மாற்றினால், படிப்பவர் தமிழ்நாட்டுக் கடைகள் எல்லாவற்றையும் பற்றியது என்று எடுத்துக்கொள்வார். எத்தனை பேர் என்பதற்கு நம் ஆய்வு பதில் சொல்லாது; எப்படி நடக்கிறது என்பதற்கு மட்டும்தான் சொல்லும். எண்ணிக்கை தேவை என்றால் இதை வைத்து ஒரு சர்வே செய்யட்டும். இப்போதுதான் சரியான கேள்விகள் கையில் இருக்கின்றனவே.

எங்கள் ஆய்வின் பலனாக எஸ்எம்எஸ் வசதியைக் கட்டும் யோசனையை விட்டுவிட்டோம். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்றானது, மொபைல் நம்பர் கட்டாயம் இல்லை. ஒரே கணக்கை இரண்டு போனிலிருந்து எழுதும்படி செய்தோம், மதியம் கல்லாவில் உட்காருபவர்களுக்காக.

9. திரும்பிப் போவது

பலர் இதைச் செய்வதில்லை. நேரம் கொடுத்தவர்களிடம் திரும்பிப் போய், "உங்ககிட்ட இதக் கத்துக்கிட்டோம், இப்படிச் செஞ்சிருக்கோம், சரியா?" என்று காட்டுங்கள். நாம் தப்பாகப் புரிந்துகொண்டதை அவர்கள்தான் திருத்த முடியும்.

மாற்றிய ஆப்போடு கும்பகோணம் போனேன். "என்னம்மா, மறுபடியும் வந்துட்டியா?" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார் அண்ணாச்சி. ‘பச்ச கேட்’ என்று தானே டைப் செய்து, பழைய பாக்கியை ஏற்றினார். சிறிது நேரத்தில் அந்த அம்மாவே வந்து முழுப் பணத்தையும் கொடுத்தார். நோட்டில் என்றால் அண்ணாச்சி அந்தப் பக்கத்தை அவர் பக்கம் திருப்பி, அவர் பார்க்கக் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். கணக்கு அடித்தாயிற்று. அந்தக் கோடுதான் ரசீது. போனையும் அதே மாதிரி அந்த அம்மா பக்கம் திருப்பினார். தொகையின் மேல் ஆள்காட்டி விரலால் இடமிருந்து வலமாக இழுத்தார். திரையில் ஒன்றும் நடக்கவில்லை. நாங்கள் வைத்திருந்த பொத்தான் கீழே, மூலையில் இருந்தது. அந்த அம்மா நிமிர்ந்து அண்ணாச்சியைப் பார்த்தார், அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பிறகு நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைத் தேடி, கோடு போட்டுக் காட்டினார்.

அன்று ராத்திரி பஸ்ஸில் டிசைனருக்கு அந்த விரலசைவை வரைந்து அனுப்பினேன்.